பானாஸ் கிரி, பானாஸ் கானான்

முதலில் ஸ்டியரிங்கைத் துடைக்கிறார். மேசை துடைக்கிற அதே வெள்ளைத் துண்டு, அதே வேகம், வட்டமாக ஒரு சுற்று, நடுவில் ஒரு தட்டு. பிறகு வளையல்களைக் கழற்றி ஏலக்காய் டப்பாவின் மேல் வைக்கிறார். செருப்பை உதறிவிட்டு வெறுங்காலால் பிரேக்கை அழுத்திப் பார்க்கிறார். முக்காட்டுக்கு மேல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிவிட்டுத்தான் குல்ஜார் பேகம் செப்பாங் பந்தயத் தடத்துக்குள் நுழைகிறார்.

தடம் இருப்பது கணினித் திரையில். திரை இருப்பது சிம்பாங் பூலாயில், கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரம் அவர் நடத்தும் சாப்பாட்டுக் கடையின் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கும் முட்டை அட்டைகளுக்கும் நடுவே. மகன் அமீர் வேலைக்காக ஜொகூர் போனபோது இந்த இருக்கையையும் ஸ்டியரிங்கையும் பெடல்களையும் விட்டுவிட்டுப் போனான். கொஞ்ச காலம் அதில் கடைத் துண்டுகள் காய்ந்தன. ஒருநாள் துண்டுகளை எடுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஞாயிறு பிற்பகலில், மதியக் கூட்டம் ஓய்ந்து மலையிலிருந்து வண்டிகள் இறங்குவதற்குள் கிடைக்கிற இடைவெளியில், ஈப்போ வட்டாரத்தில் அவரவர் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் கார் ஓட்டும் ஒரு குழுவோடு பந்தயம் விடுகிறார். வயது ஐம்பது. குழுவில் எல்லாருக்கும் அவர் அக்கா.

கடையில் பார்த்தால் இவரா அந்த அக்கா என்று சந்தேகம் வரும். குரல் கல்லாவில் புறப்பட்டுக் கொல்லைப்புறம் வரை போகும். ரொட்டி கொஞ்சம் தடித்தால், "ரொட்டி போடுறியா, கூரைக்கு ஓடு போடுறியா?" என்று கேட்பார். ஆனால் யாராவது தட்டு தூக்கி வந்தால் போதும், முதலாளித்தனமெல்லாம் போன இடம் தெரியாது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, இடது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து வழி காட்டுவார். "தூக்கிட்டு வாரவனுக்குத்தான் வழி. வெறுங்கையோட நிக்கிறவன் ஒதுங்கணும்லா" என்பது கடைச் சட்டம். கொதிக்கிற தேநீரோடு வருகிறவர் "பானாஸ், பானாஸ்" என்று குரல் கொடுத்தபடி வரவேண்டும் என்பது இன்னொரு சட்டம். சூடு வருகிறது, விலகு என்பதற்கு இங்கே எந்தக் கடையிலும் அந்த மலாய்ச் சொல்தான்.

முதல் பந்தயத்தன்று சட்டமெல்லாம் மறந்துபோயிற்று. தனியாக ஓட்டிப் பழகியபோது பறந்தவர், சுற்றிலும் கார்கள் வந்து நின்றதும் வெலவெலத்துவிட்டார். திருப்பம் வர எவ்வளவோ தூரம் இருக்கும்போதே பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த கார் இடிக்க, அதை இன்னொன்று இடிக்க, முதல் திருப்பத்திலேயே பாதிப் பந்தயம் நாசம். ஹெட்ஃபோனில் யாரோ ஒருவன் வாய்க்கு வந்தபடி திட்டினான். குல்ஜார் எழுந்துபோய் வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டார். "வெங்காயம் உரிச்சா ஏன் அழுவுறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க பாரு" என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை. பல ஞாயிறுகள் அந்த இருக்கையில் மறுபடியும் துண்டுகள் காய்ந்தன.

திரும்பி வந்தபோது ஒரு யோசனையோடு வந்தார். இன்னொரு காருக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் மைக்கில் "பானாஸ் கிரி" என்றோ "பானாஸ் கானான்" என்றோ குரல் கொடுத்தார். உன் இடப்பக்கம் இருக்கிறேன், வலப்பக்கம் இருக்கிறேன், பார்த்துத் திரும்பு என்று அர்த்தம். குழுவை நடத்தும் கோகிலன், "அக்கா, இது ரேஸா, மாமாக் கடையா?" என்று கேட்டான். அக்கா நடத்துவது போன்ற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே அதுதான் பெயர்.

"ரெண்டும் ஒண்ணுதான்லா. எடம் கொஞ்சம், ஆளு நெறைய, எல்லார் கையிலயும் சூடு."

சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது அதையேதான் சொல்கிறார்கள். முதல் திருப்பத்தில் அந்தக் குழுவின் ஹெட்ஃபோனைக் கேட்டால் மதிய நேரத்துச் சாப்பாட்டுக் கடை போலவே இருக்கும். இடித்துத் தள்ளி முந்தினால் நின்று இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே முன்பிருந்தே விதி. அதைச் சாக்குப்போக்கு இல்லாமல் செய்கிற முதல் ஆள் அக்காதான். அதற்காக அவரை மெதுவாக ஓட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். நேர்ப்பாதையில் அவரை விரட்டிப் பிடிக்க முடியாமல் திணறுகிற வாலிபர்கள் உண்டு.

போன பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தால் மொத்தப் புள்ளியில் அவருக்கு ஒரு கோப்பை கிடைக்கும் என்று இருந்தது. கல்லாவில் பல்குச்சி டப்பாவை நகர்த்தி அதற்கு இடம்கூட ஒதுக்கிவிட்டார். அதே பந்தயத்தில்தான் தனேஸ்வரன் புதிதாக வந்து சேர்ந்தார். சுங்கை சிப்புட் பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர்.

"நெஜ லோரில இப்படி பயந்ததே இல்லக்கா. இன்னைக்கி ஒருவாட்டி பாக்குறேன். சரிவரலன்னா ஸ்டியரிங், பெடல் எல்லாத்தையும் வித்துர்றேன்."

"வித்துட்டு என்ன பண்ணப் போற? மொத திருப்பத்துல மட்டும் பொறுத்துப் போ தம்பி."

பொறுத்துத்தான் போனார். மற்றவர்கள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு பின்தங்க, கடைசிச் சுற்றில் பார்த்தால் தனேஸ்வரன் மூன்றாவது, குல்ஜார் நான்காவது. கடைசித் திருப்பம் இடப்பக்கம் ஒடியும். கோப்பை கண்ணுக்குள் நின்றதோ என்னவோ, அக்கா பிரேக் பிடிக்கக் கொஞ்சம் தாமதித்துவிட்டார். பானாஸ் என்று சொல்லக்கூட நேரமில்லை. அவர் கார் இடித்த இடியில் தனேஸ்வரனின் கார் சுழன்று வந்த வழியைப் பார்த்து நின்றது. அக்காவுக்கு முன்னால் வெறும் பாதை, அதன் முடிவில் வெற்றிக் கோடு.

அப்போது ஹெட்ஃபோனில் தனேஸ்வரனின் குரல் கேட்டது. "சாரிக்கா. நாந்தான் முன்னாடியே பிரேக் புடிச்சுட்டேன். எனக்கு இதெல்லாம் சரிவராதுக்கா."

அவர் பிரேக் பிடித்தது மிகச் சரியான இடத்தில். அது பின்னால் வந்தவருக்கு மட்டுமே தெரியும். குல்ஜார் பேகம் கோட்டுக்கு முன்னால் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மைக்கில் சொன்னார்: "ஒன் மேல தப்பே இல்ல தம்பி. நாந்தான் லேட்டு, நாந்தான் இடிச்சேன். நிக்கிறேன், வா."

பதற்றத்தில் தனேஸ்வரனுக்கு ரிவர்ஸ் கியர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவர் தடுமாறித் திரும்புவதற்குள் மற்ற கார்கள் விர்ரென்று கடந்து போயின. "நீங்க போங்கக்கா" என்று கெஞ்சினார். "நீ வராம நான் எங்க போறது? வாலா" என்றார் இவர். அவர் கோட்டைத் தாண்டிய பிறகுதான் இவர் கார் நகர்ந்தது.

கோப்பை வேறொருவருக்குப் போனது. பல்குச்சி டப்பா பழைய இடத்துக்கு வந்தது. அந்த வாரம் ரொட்டி தடித்தும் அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கடையில் பேசிக்கொண்டார்கள். கோப்பை போன கவலை என்று அவர்கள் நினைத்தார்கள். அவருக்கு இருந்தது வேறு கவலை. "என்னய திட்டினவன் யாருன்னே தெரியாது. ஆனா அந்தக் கொரலு இன்னும் காதுல கெடக்கு. இவன் மனசுல என் இடி கெடக்கக் கூடாதுலா. வருவானா?"

புதுப் பருவத்தின் முதல் ஞாயிறு. துண்டு, வளையல், வெறுங்கால், பிஸ்மில்லாஹ். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. தனேஸ்வரனைக் காணவில்லை. அக்கா இன்னொரு முறை ஸ்டியரிங்கைத் துடைத்தார். பந்தயம் தொடங்கப்போகிற நேரத்தில் அந்தப் பெயர் கடைசி வரியில் வந்து ஒட்டிக்கொண்டது.

திரையில் தொடக்க விளக்குகள் அணைந்து கார்கள் கிளம்பின. முதல் திருப்பம் வலப்பக்கம். நெரிசலுக்குள் ஒரு கார் இவருடைய வலது தோள் பக்கம் மெல்ல ஏறி வந்தது. ஹெட்ஃபோனில் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன் பிறகு, செம்பனைக் காட்டில் எதிர் லோரிக்குக் கேட்கிற அளவுக்கு ஒரு கத்தல்: "பா... பானாஸ்க்கா! பானாஸ் கானான்!"

குல்ஜார் பேகம் காரை இடது ஓரத்துக்கு ஒதுக்கினார். ஒரு கார் தாராளமாகப் போகிற இடம் திறந்தது. அரிசி மூட்டைகளுக்கு நடுவே, யாரும் பார்க்காத அந்த அறையில், அவருடைய இடது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்து, உள்ளங்கையை விரித்து வழி காட்டியது.