கண்டென்சரைச் சுற்றிய தட்டி

"வியாழன் காலை முதல் பஸ்ஸுக்கு ஐஸ் நான்கு பாளம் அவசியம் வேண்டும். சேந்தமங்கலம் பக்கம் அம்மை கண்டிருக்கிறது. போன முறை கொண்டுபோன அம்மைப்பால் வெயிலில் கெட்டுவிட்டது. குத்தியும் பயனில்லை."

அம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பாலைக் குத்தும் இன்ஸ்பெக்டர் சேலத்தில் எங்கள் ஐஸ் பாக்டரிக்கு எழுதிய சீட்டு இது. தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி, சித்திரை மாதம். வந்தது புதன்கிழமை காலை. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து லாக் புத்தகம் எழுதுபவன். எஞ்சின் ஓட்டும் எங்கள் கம்ப்ரஸர் அம்மோனியா வாயுவை நெருக்கிக் கண்டென்சர் குழாய்களுக்குள் தள்ளும். குழாய்மேல் தண்ணீர் சொட்டும். உள்ளே வாயு சூடு இறங்கித் திரவமாகும். அந்தத் திரவம் உப்புத்தண்ணீர்த் தொட்டியின் குழாய்களில் மறுபடி வாயுவாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். தொட்டியில் நிற்கும் கேன்களில் தண்ணீர் உறையும்.

அன்று உறையவில்லை. கேஜ் முள் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"முள்ளு செவப்புக் கோட்டத் தொட்டா எஞ்சின நிறுத்திப்போடுவேன் சாமி. வெடிச்சா உன்ற லாக்க எவன் எழுதறது?" என்றார் மிஸ்திரி குப்பண்ணன்.

"நிறுத்துனா நாளைக்கு ஐஸ் இல்லீங்க. இன்னுங் கொஞ்சம் வேகமா ஓட்டிப் பாக்கலாங்க."

நெருக்கினால் போதும், வாயு திரவமாகிவிடும் என்பது என் எண்ணம். ஓட்டினோம். முள் இன்னும் ஏறி, கோட்டுக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றது.

கண்டென்சர் கட்டடத்துக்கு வெளியே இருந்தது. தண்ணீர் விடும் பழனியப்பன் முன்பு வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் இருந்தவர். வெயில் கொடுமை என்று முந்தின நாள்தான் கண்டென்சருக்கு மேலும் நாலு பக்கமும் தென்னந்தட்டி கட்டியிருந்தார். வெற்றிலைக் கொடிக்குக் காற்று ஆகாது. பழகிய கை காற்றுப் புக இடம் விடவில்லை.

"ஏம்ப்பா பழனியப்பா, வெத்தல எப்பக் கிள்ளலாம்?" என்றார் மிஸ்திரி.

"சிரிங்க மிஸ்திரி, சிரிங்க. நெழல்ல தண்ணி குளுரும்னு எங்கூட்டு எருமைக்குக்கூடத் தெரியுமுங்க."

தட்டிக்குள் நுழைந்தேன். புழுக்கம் முகத்தில் அடித்தது. மூலையில் பழனியப்பனின் மண்பானை. ஒரு வாய் குடித்தேன்.

"ஏனுங்கண்ணா, பானைத்தண்ணி வெந்நியாட்டம் இருக்குது?"

"காத்துப் படலீல்ல தம்பி, அப்பறம் எப்படிக் குளுரும்?"

சொன்னவர் பானையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். இடுப்பிலிருந்து கொடுவாளை எடுத்து மேற்குத் தட்டியின் கட்டுக்கயிற்றை அவரே அறுத்தார். "கொடிதான் காத்துல ஒடியும். இது இரும்புதானுங்களே" என்றார்.

மற்ற மூன்று பக்கமும் நான் பிரித்தேன். காற்று நுழைந்தது. அரைமணியில் முள் இறங்கத் தொடங்கியது.

காரணத்தைப் பின்னால் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. வாயுவில் அவற்றின் ஓட்டம் அந்தப் பிடிக்கு அடங்காது. திரவத்தில் பிடித்தபடியே நழுவும். ஐஸில் இடம் மாறாமல் நின்ற இடத்தில் அதிரும். குழாய்மேல் சொட்டும் தண்ணீரில் வேகமானவை பிடியை அறுத்து ஆவியாகப் போகும்போது சூட்டையும் கொண்டுபோகும். தட்டிக்குள் அந்த ஆவிக்குப் போக்கிடமில்லை. போனதில் பெரும்பங்கு திரும்பித் தண்ணீரிலேயே விழுந்தது. வெளியே தண்ணீர் பிடியை விட்டால்தான், உள்ளே அம்மோனியா பிடித்துக்கொள்ளும். அதை விட்டுவிட்டு நான் எஞ்சினை விரட்டிக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலை நான்கு பாளம் எடுத்தோம். நான்காவதன் நடுவில் இன்னும் தண்ணீர் இருந்தது. அதையும் உமியில் பொதிந்து, சாக்குச் சுற்றி, பஸ் கூரையில் நாங்களே ஏற்றினோம். இன்ஸ்பெக்டர் அம்மைப்பால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நான் பணியில் இருந்தவரை, முள் ஏறினால் முதலில் எஞ்சினைத் தொட்டதில்லை. வெளியே போய்க் காற்று வருகிறதா என்று பார்ப்பேன்.

ஐஸ் எவ்வளவு மிச்சமாகச் சேந்தமங்கலம் சேர்ந்தது, அந்த முறை குத்தியது பிடித்துப் பலன் தந்ததா என்பதற்கு எந்தப் பதிவும் என் கண்ணில் படவில்லை. எல்லாம் பிடித்தது என்று பழனியப்பன் கடைசிவரை சொன்னார். அவர் சேந்தமங்கலம் போனதே இல்லை.