கோமதியின் பக்கத்து நாற்காலி

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் சண்முகசுந்தரிக்கு ஹெலனைப் பார்த்தாலே வயிறு எரியும். ஹெலன் கெட்டவள் இல்லை. பக்கத்து வீட்டில் நைட்டி தைத்துக்கொண்டே, சுந்தரியின் இரண்டரை வயது மகள் கோமதியையும் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறவள். எரிச்சலுக்குக் காரணமே அதுதான். சாயங்காலம் சுந்தரி வந்து கை நீட்டினால், பிள்ளை ஹெலனின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஜாய்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். சின்னப் பிள்ளைகள் எப்படிப் பேசக் கற்றுக்கொள்கின்றன, பேச்சோடு சேர்ந்து அறிவு எப்படி வளர்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தீப்பெட்டி அளவு ரெக்கார்டர் ஒன்றைப் பையில் வைத்துத் தைத்த சின்னச் சட்டையைக் கொடுத்தாள்.

"ஒரு நாள் முழுக்க பாப்பா இதப் போட்டிருக்கட்டும்க்கா. எப்பவும் போல இருந்தாப் போதும். யார்கிட்ட அதிகமாப் பேசுதாளோ, அவங்கதான் அடுத்த வாரம் நான் படம் காட்டிப் பாப்பாவப் பேச வைக்கும்போது அவ பக்கத்து நாற்காலில உக்காரணும்."

அது யார் என்று சுந்தரிக்குத் தெரியும். ஹெலனுக்கும் தெரியும். "அப்போ நான் தலை சீவி ரெடியா இருக்கணும்னு சொல்லு" என்று ஹெலன் சிரித்தாள். சுந்தரி சிரிக்கவில்லை.

மறுநாள், பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று ஹெலனிடம் சொல்லிவிட்டு, அந்தச் சட்டையைப் போட்டுக் கோமதியை நேராகத் தறிக்கூடத்துக்குத் தூக்கிப் போனாள். நூல் மூட்டைமேல் உட்காரவைத்து வாய் ஓயாமல் பேசினாள். பாட்டுகூடப் பாடினாள். தறிக்காரர்கள் உதட்டையும் கையையும் பார்த்தே பேசிப் பழகியவர்கள். சுற்றி இரைச்சல் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோகும். சுந்தரிக்கும் மறந்துபோனது.

இரண்டு நாள் கழித்து ஜாய்ஸ் குழம்பிப்போய் வந்தாள். "என்னக்கா, தறிச் சத்தத்தத் தவிர ஒண்ணுமே பதியலையே!"

கோமதியோடு வாசலில் நின்ற ஹெலன் திரும்பினாள். "ஏட்டி, காய்ச்சல்னுல்லா சொன்ன?"

"ஆமா, பொய்தான் சொன்னேன்!" சுந்தரி வெடித்தாள். "பெத்தவ நானு. உக்காருதது நீயா?"

"நீயே உக்காரு தாயி. நானா நாற்காலி கேட்டேன்?" ஹெலனின் குரல் உடைந்தது.

கோமதி ஹெலனின் விரலை இழுத்தாள். "ஹெலனம்மா, அம்மா ஏன் கத்துதா? பசிக்கா அவளுக்கு?"

அவ்வளவு நீளமாக மகள் பேசி சுந்தரி கேட்டதே இல்லை. சுந்தரியிடம் என்றால் பால், வேண்டாம், தூக்கு என்று ஒற்றை வார்த்தைதான் வரும். ஜாய்ஸ் பக்கம் திரும்பினாள். "சட்டையக் கொடுங்க. நாளைக்கு ஹெலனக்கா வீட்டுலயே விடுதேன்" என்றாள்.

அடுத்த வாரம் பக்கத்து நாற்காலியில் ஹெலன்தான் உட்கார்ந்தாள். படத்துக்குப் படம் கோமதி பொரிந்து தள்ளினாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற சுந்தரி, எல்லாரும் சிரித்தபோது தானும் பல்லைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை மடியில் வைத்துக் கேட்டாள்: "ஹெலனம்மாகிட்ட என்னெல்லாம் பேசுவ? எனக்கும் சொல்லு."

கோமதி ஆரம்பித்தாள். அதே இழுப்பு, அதே தலையாட்டல், வார்த்தைக்கு வார்த்தை ஹெலன். கேட்கக் கேட்க சுந்தரிக்கு எரிந்தது.

"பெறவு?" என்றாள்.