ஒரு சில்லு இல்லாத ட்றக்

யோகம் அக்கா எழும்பவில்லை என்ற செய்தி வந்தபோது நான் குசினியில் அரிசி அரித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் தம்பி மகள் நந்தினி செருப்பும் போடாமல் வேலிப்பொட்டுக்குள்ளால் ஓடி வந்தாள். "அன்ரி, மாமி எழும்புறா இல்லை. அப்பா உங்களை ஒருக்கா வரட்டாம்" என்றாள். அரிசியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நெற்றியில் கை வைத்தேன், குளிர்ந்திருந்தது. திருநீறு எடுத்துப் பூசினேன். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது கோபம்தான். அந்தக் கண்காட்சி மண்டபத்துக்காரர் அக்காவின் பலகையைத் திருப்பித் தருவதற்குள் அக்கா போய்விட்டாரே என்ற கோபம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அக்காவின் தம்பி கேட்டார். "நல்லதா நாலு வசனம் போதும் கமலாக்கா. ஆரையும் நோகப்பண்ண வேண்டாம்" என்றும் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள். கோயில் புத்தகங்களையும் சாமான் சுற்றி வந்த பழைய பேப்பர்களையும் வாசித்து எழுதப் பழகியவள். வீட்டுக் கணக்கைத் தவிர அதிகம் எழுதியதில்லை. கணக்கில் வந்ததையும் எழுதவேண்டும், போனதையும் எழுதவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது கணக்காகாது. ஆகவே நாலு வசனத்தில் இது நிற்காது. நோகிறவர்கள் நோகட்டும்.

வட்டக்கச்சியில் அக்காவை அறியாதவர்கள் குறைவு. நீர்ப்பாசன அலுவலகத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். நம்முடைய வயல்களுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்களின் வளைவுகளையெல்லாம் தாளில் கீறியவர். கலியாணம் செய்யவில்லை. கொண்டையில் பூ வைத்து நான் கண்டதில்லை, பென்சில் வைத்துத்தான் கண்டிருக்கிறேன்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது வீடுகளுக்குக் கூரை இல்லை. அக்காவின் வளவில் எரிந்துபோன ஒரு இராணுவ ட்றக் நின்றது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்த்து, இனித் தொடலாம் என்று சொன்ன பிறகு அதை முதலில் தொட்டது என் கோழிதான். சாரதி இருக்கும் இடத்தில் ஏறி முட்டை இட்டது. முட்டை யாருக்கு என்று எங்களுக்குள் வழக்கு வந்தது.

"கோழி உன்ர. வளவு என்ர. ட்றக் ஆரின்ர எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அப்ப முட்டையை எப்பிடியடி பிரிக்கிறது?" என்றார்.

"நீங்களே அவிச்சுச் சாப்பிடுங்கோ அக்கா."

"தனியச் சாப்பிட்டா வயித்துக்குத்து வரும். நீயும் வா."

பிறகு எங்கள் வீடுகள் இருக்கும் ஒழுங்கையே அந்த ட்றக்கில் கை வைத்தது. யாரும் களவெடுக்கவில்லை, அக்காவிடம் கேட்டுத்தான் எடுத்தார்கள். பின்கதவு தம்பையா அண்ணை வீட்டு மலசலகூடத்துக்குக் கதவானது. இயந்திரத்தை மூடும் பொனற் எங்கள் கிணற்றுக்கு மூடியானது. பகலில் அதன்மேல் மிளகாய் காயவைப்பேன். மலையகத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய செல்லம்மாவின் மாட்டுக்கு டீசல் தாங்கியைப் பாதியாக வெட்டித் தண்ணீர்த் தொட்டி செய்தோம். டயரெல்லாம் எரிந்துபோயிருந்தது. கழன்று கிடந்த ஒரு சில்லின் இரும்பு றிம் பிள்ளையாருக்குப் போனது.

பிள்ளையார் கோயில் என்று சொல்ல அப்போது ஒரு மருதமரமும் ஒரு கல்லும்தான் இருந்தன. பழைய மணி போன இடம் தெரியவில்லை. றிம்மைக் கிளையில் கட்டி இரும்புக் கம்பியால் தட்டினால் வாய்க்கால் கரை வரைக்கும் கேட்கும். புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கட்டியது நான்தான். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். சண்டைக்குப் போன இரும்பைச் சாமிக்கு மணியாக்கலாமா என்று கேட்டார்கள். அக்கா சொன்னார்: "நாங்களும் சண்டைக்குள்ளால வந்த ஆக்கள்தானே. எங்களைப் பிள்ளையார் உள்ள விடேல்லையோ?" அன்றைக்கே பூசை நடந்தது.

காலம் போக வீட்டுத்திட்டம் வந்தது. புதுக் கதவுகள் வந்தன. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வெண்கல மணி அனுப்பினார். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்து ட்றக்கின் மிச்சத்தை வெட்டி ஏற்றினார்கள். நம்மிடம் இருந்த துண்டுகளையும் நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். வீட்டில் அது கிடப்பது வெட்கமாக இருந்தது நமக்கு. அக்கா மட்டும் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இஞ்ச இப்பிடி ஒண்டு நிண்டது, அதைப் பிச்சுத்தான் நாங்கள் சீவிச்சனாங்கள் எண்டு சொன்னா இனி ஆர் நம்புவினம்?" என்றார். அடுத்த கிழமை பால்மா டின் ஒன்றை வெட்டத் தொடங்கினார்.

இருபதுக்கு ஒன்று என்ற அளவில் அந்த ட்றக்கைச் செய்தார். படம் இல்லை, ட்றக்கும் இல்லை. அளவை எங்கே எடுத்தார் தெரியுமா? நம்முடைய வீடுகளில் எடுத்தார். தம்பையா அண்ணையின் பழைய மலசலகூட நிலையை அளந்து பின்கதவின் உயரத்தைப் பிடித்தார். எங்கள் கிணற்றுக்கட்டை அளந்து பொனற்றின் அகலத்தைப் பிடித்தார். "நீ மிளகாய் துழாவேக்குள்ள நடுவுக்குக் கை எட்டினதோ?" என்று என்னைக் கிணற்றடியில் நிறுத்தி விசாரித்தார். எது எந்த வீட்டுக்குப் போனது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் என்பதால் என்னிடம் அடிக்கடி வருவார்.

துருப்பிடித்த கறள் நிறத்துக்குக் கடையில் பெயின்ற் வாங்கவில்லை. வினாகிரிப் போத்தலுக்குள் பழைய ஆணிகளை ஊறப்போட்டு, அந்தச் சிவந்த தண்ணீரைத் தகரத்தில் தடவித் தடவி உண்மையான கறளையே பிடிக்கவைத்தார். சோடாப் போத்தல் மூடி ஒன்றைத் தட்டி றிம் செய்தார். கோழியை முதலில் கோதுமை மாவில் செய்தார். விடிய எழும்பிப் பார்த்தால் எறும்பு பாதிக் கோழியைத் தின்றுவிட்டது. "வன்னியில கோழிக்கள்ளர் குறைஞ்சிட்டினம் எண்டு நினைச்சன்" என்று சொல்லிவிட்டு, அடுத்ததைக் களிமண்ணில் செய்தார்.

பெரிய பலகையின் நடுவில் ட்றக். சுற்றிவர நம்முடைய ஒழுங்கை. ட்றக்கில் பின்கதவு இல்லை, அது தம்பையா அண்ணை வீட்டில் நின்றது. பொனற் இல்லை, அது எங்கள் கிணற்றில் கிடந்தது. அதன்மேல் சிவப்பு நூல் துண்டுகளாக என் மிளகாய். டீசல் தாங்கி இல்லை, அது செல்லம்மாவின் மாட்டுக்கு முன்னால் தொட்டியாகக் கிடந்தது. ஒரு பக்கம் சில்லு இல்லை, பனங்குற்றி முட்டுக்கொடுத்தபடி நின்றது. சில்லு பிள்ளையாரின் மரத்தில் தொங்கியது.

செல்லம்மா பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். "அய்யோ, எங்க மாடு இவ்வளவு மெலிஞ்சா கெடந்துச்சு?"

"இதுவும் நான் கொஞ்சம் புண்ணாக்கு வச்சுத்தான் செய்திருக்கிறன்" என்றார் அக்கா.

நான் ஒருநாள் கேட்டேன்: "செய்யிறது செய்யிறியள், ட்றக்கை முழுசாச் செய்யுங்கோவன் அக்கா."

"அது முழுசா நிண்டா எங்கட வீடுகளில ஒண்டும் இராது கமலா. இல்லாததையும் அளந்துதான் செய்யவேணும்."

இதை நன்றாக மனத்தில் வையுங்கள். இனி நான் சொல்லப்போவது அதனால்தான் எரிகிறது.

கிளிநொச்சி நகரில் ஒரு மண்டபத்தில் கைப்பணிக் கண்காட்சி வைப்பதாகச் சொல்லி ஒரு குழு வந்தது. அக்கா சம்மதித்துக் கொடுத்தார். வான் வந்து பலகையை ஏற்றிய கிழமையே அக்கா மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். திறப்பு விழாவுக்கு நந்தினியும் நானும் போனோம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ட்றக் தனியாக நின்றது. பச்சைப் பெயின்ற் மினுங்கியது. பின்கதவு பூட்டியிருந்தது. பொனற் மூடியிருந்தது. எல்லாச் சில்லும் இருந்தன, கறுப்பு றப்பர் டயரோடு. பக்கத்தில் 'இராணுவ வாகனம்' என்று ஒரு அட்டை. ஒழுங்கையைக் காணவில்லை. நந்தினி அழத் தொடங்கிவிட்டாள். நான் குழுத் தலைவரிடம் போனேன்.

"ஐயா, இதின்ர ஒழுங்கை எங்கை?"

"என்னது அம்மா?"

"வீடுகள். கிணறு. பிள்ளையார்."

"ஓ, அந்தப் பலகையோ? அது மேசைக்குப் பெரிசம்மா. பின்னுக்கு ஸ்ரோரில கிடக்கு. வாகனம்தானே முக்கியம்."

"ஏன் பச்சை அடிச்சனீங்கள்?"

"ஒரே கறள். ஏத்தி வரேக்குள்ள சாமானெல்லாம் கழண்டு பலகை முழுக்கச் சிதறிப்போச்சுது. எங்கட பெடியள் பொறுக்கிப் பூட்டினவங்கள். பாருங்கோ, அச்சொட்டாப் பொருந்திச்சுது! திறப்பு விழாவில பின்னமான சாமானை வைக்கக்கூடாது. கோயிலுக்குப் போற உங்களுக்குத் தெரியாததே?"

அச்சொட்டாகப் பொருந்தாமல் என்ன செய்யும்? மில்லிமீற்றர் பிசகாமல் அளந்து செய்தவர் அவர். மலசலகூடக் கதவு ட்றக்கில் பொருந்தியதென்றால் அது ட்றக்கிலிருந்து போன கதவு என்று ஒரு கணம் யோசிக்கவேண்டாமா? கட்டித் தொங்கவிட்ட மணி கழன்று சிதறிய சாமானா? கிணற்றுக்கு மேல் மிளகாயோடு கிடந்ததை விழுந்து கிடந்தது என்றார்களே, மிளகாயை என்னவென்று நினைத்தார்கள்? பக்கத்து வீடு எதுவென்று கேட்காமல், செய்தவர் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கும்போதே அவரிடமும் கேட்காமல், ஒரு ஊர் பிழைத்துக் கிடந்த கதையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு ட்றக்கைத் திருத்தியிருக்கிறார்கள்.

"பின்னம் பாக்கிறது மூலஸ்தானத்து விக்கிரகத்துக்கு, ஐயா. ட்றக்குக்கு ஆகமம் இல்லை" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி மூடியைத் தூக்கி, சேலை ஊசியால் நெம்பி, அந்தச் சோடா மூடியைக் கழற்றி எடுத்தேன்.

"என்னம்மா செய்யிறியள்!"

"கோயில் மணி ஐயா. கோயிலுக்குக் கொண்டுபோறன்."

ஆஸ்பத்திரியில் அக்காவின் கையில் வைத்தேன். நடந்ததைக் கேட்டு முதலில் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவைக்குப் பூட்டத் தெரிஞ்சிருக்கு. கழட்டினது ஆர் எண்டு கேக்கத் தெரியேல்லை" என்றார். மூடியை என் கையில் திருப்பித் தந்து, "பலகையை எடு கமலா. ட்றக் கிடக்கட்டும். ஸ்ரோருக்குள்ள கறையான் வரும்" என்றார்.

எடுக்கத்தான் பார்த்தோம். கண்காட்சி முடியட்டும் என்றார்கள். முடிந்த பிறகு, வாகனம் இனி மண்டபத்திலேயே நிரந்தரமாக இருக்கும் என்றார்கள். பலகையைக் கேட்டால், ஸ்ரோர்ப் பூட்டின் திறப்பை வைத்திருக்கிறவர் இல்லை என்றார்கள். அக்கா வீட்டுக்கு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். ஒழுங்கையில் வான் சத்தம் கேட்டால் நிமிர்வார். மீன் வான் என்று தெரிந்ததும் பென்சிலை எடுத்துத் திரும்பக் கொண்டையில் குத்துவார். கடைசி நாள்வரை அப்படித்தான் இருந்தார்.

செத்தவீட்டுக்கு அதே தலைவர் மலர்வளையத்தோடு வந்தார். "இராணுவ வாகனங்களில் அளவற்ற ஈடுபாடு கொண்ட அம்மையார்" என்று பேசினார். ஈடுபாடாம்! மீளக்குடியேறிய புதிதில் ட்றக் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் வந்து என் பக்கத்தில் குந்தியிருந்த மனுசி. அவருக்கு ஈடுபாடு உங்கள் கதவில், உங்கள் கிணற்றில், உங்கள் மாட்டில். தலைவர் பேசும்போது உங்களில் சிலர் தலையாட்டிக்கொண்டு இருந்தீர்கள். "தனிச்சுப்போன பொம்பிளை, ஏதோ விளையாட்டுச் சாமான் செய்து பொழுது போக்கினது" என்று பந்தலுக்குள் கதைத்ததும் என் காதில் விழுந்தது. அப்படிக் கதைத்தவருடைய வீடும் அந்த ஸ்ரோருக்குள் கிடக்கிறது. அதையும் எழுதாமல் விட முடியவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அக்காவின் தம்பியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். முழுக்க வாசித்துவிட்டு, "பெட்டிக்குள்ள எனக்கும் ஒரு இடம் விடுங்கோ கமலாக்கா" என்றார்.

பெட்டி என்றது உழவு இயந்திரப் பெட்டியை. நீங்கள் இந்த மலரைக் கையில் எடுக்கும்போது படையலும் சாப்பாடும் முடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் உழவு இயந்திரத்தைப் படலையடியில் நிறுத்தியிருப்பார். பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே பழைய பாய் விரித்திருக்கிறோம். தம்பையா அண்ணை, உங்கள் மலசலகூடம் கதவில்லாமல் நிற்கிறது, வாருங்கள். செல்லம்மா, உன் மாடு தண்ணீரில்லாமல் நிற்கிறது, நீயும் வா. சண்டை பிடிக்கப் போகவில்லை. அவரவர் வீட்டையும், ட்றக்கில் பூட்டிய அவரவர் துண்டையும் அவரவர் தூக்கிவரப் போகிறோம். திறப்பு இல்லையென்றால் திறப்பு வரும்வரை வாசலில் இருப்போம். காத்திருந்து பழகாத ஆட்களா நாங்கள்?

சோடா மூடி என் சேலைத் தலைப்பில் முடிந்திருக்கிறது. பலகை கிடைத்ததும் அதை மருதமரத்தில் திரும்பக் கட்டிவிடுவேன். அது பிள்ளையாரின் சொத்து, எனக்குரியதில்லை. அக்காவின் பொருளென்று நான் வைத்திருக்கப்போவது ஒன்றே ஒன்றுதான். ஆணிகள் ஊறிய அந்த வினாகிரிப் போத்தல். நந்தினியிடம் கேட்டு வாங்கிக் குசினித் தட்டில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது. கதவிலும் பொனற்றிலும் அடித்த பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பக் கறள் பிடிக்கவைக்க அது தாராளமாகக் காணும்.