மலையம்மாள் கோழியும் ரெண்டு டம்ளர் வெங்காயமும்

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்ட மலையம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது, வாயிலும் கிடையாது. பொழுது சாய்ந்த பிறகும் நிற்கச் சொன்ன மேஸ்திரியிடம், "ஒங்க ஆத்தா பிரசவத்துக்கா நிக்கச் சொல்றீரு?" என்று கேட்டவள் அவள்.

தோட்டம் வைகுண்டராஜுடையது. தேனி பஜாரில் கடை நடத்திச் சம்பாதித்துத் திராட்சை போட்டவர், தோட்டத்து வீட்டிலேயே குடியிருந்தார். அங்கே இரண்டு கிணறுகள். மேட்டுக் கிணறு அவர் வீட்டுக்கு. அதன் மோட்டார் ரூம் பூட்டியே இருக்கும். பள்ளத்துக் கிணறு வேலையாட்களுக்கு. மயில்துத்தமும் பூச்சி மருந்தும் கலக்கும் டிரம் அதன் ஓரத்தில்தான் நின்றது. டிரம்மைக் கழுவினால் தண்ணீர் வேறெங்கே போகும், கிணற்றுக்குள்தான் போகும்.

எண்பத்து மூன்றாம் வருசம் தை மாதம் நாலைந்து பேருக்கு வாந்தி. "டெஸ்ட் பண்ணிருவோம்" என்றார் முதலாளி. அவர் வீட்டு வாசலில் பன்னிரண்டு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. சோதனைக்குப் பிடித்து வந்ததோ மலையம்மாளின் செவலைப் பெட்டையை. கிணற்றடியில் மூன்று நாள் கட்டிப்போட்டு அந்தத் தண்ணீரையே வைத்தார்கள். நாலாம் நாள் அவிழ்த்து விட்டதும் அது குப்பையைக் கிளறிக்கொண்டு கொக்கரித்தது.

"கோழியே சாகல. ஒங்களுக்கு என்ன கேடு?" என்றார் முதலாளி. அன்று முதல் அதற்கு டாக்டரம்மா என்று பேராகிவிட்டது.

"டாக்டருக்கு ஒண்ணும் ஆகாது. சீக்காளிதான் சாவான்" என்றாள் மலையம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வைகாசியில் அந்தச் சிரிப்பு நின்றது. வருசநாட்டில் கட்டிக்கொடுத்த மகள் பூமாரி தாய்வீடு வந்தாள். ஆறு வருசம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி இப்போதுதான் மூன்று மாதம். அவள் குடிப்பதும் பள்ளத்துக் கிணற்றுத் தண்ணீர்தான். ஒவ்வொரு செம்பாக மகள் குடிக்கக் குடிக்க மலையம்மாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மலையம்மாளின் தம்பி சுருளியாண்டி ஒரு காலேஜில் தாவரவியல் லேபில் அட்டெண்டர். விசயத்தைக் கேட்டவன், "கோழிய விடுக்கா, வெங்காயத்தக் கேளு" என்றான்.

"ஏலே, நக்கலா?"

"நெசமாத்தான். தண்ணியில வெசமிருக்கான்னு எங்க புரொபசர் வெங்காயத்த வச்சுத்தான் பாத்தாக. எலியவும் தவளையவும் வதைக்க வேண்டியதில்ல."

இரண்டு டம்ளர் எடுத்தான். ஒன்றில் பள்ளத்துக் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் முதலாளி வீட்டில் பாத்திரம் விளக்கப்போன மலையம்மாள் கொண்டுவந்த மேட்டுக் கிணற்றுத் தண்ணீர். ஒவ்வொன்றின் வாயிலும் அடி நனைகிற மாதிரி ஒரு வெங்காயம். நாலு நாளில் மேட்டுத் தண்ணீரில் சாமியார் தாடி மாதிரி வேர் இறங்கியது. பள்ளத்துத் தண்ணீரில் அரிசி நீளம் வந்து, முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

சுருளியாண்டி இரண்டையும் லேபுக்குக் கொண்டுபோய் வேர் நுனியை நசுக்கி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தான். அன்றைக்கு அவன் முகத்தில் நக்கல் இல்லை.

"உசிருன்னா செல்லுக்கா. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அப்படித்தான் வேரு வளரும். அந்தத் தண்ணியில ஒண்ணுகூட ரெண்டாகல."

மலையம்மாள் வாசலில் மேய்ந்த செவலைப் பெட்டையைப் பார்த்தாள். பிறகு, "முட்டைக்குள்ள குஞ்சு வளர்றதும் அப்படித்தானா?" என்று கேட்டாள்.

"முட்டைக்குள்ளயும் அப்படித்தான். வயித்துக்குள்ளயும் அப்படித்தான்."

அவள் இரண்டு டம்ளர்களையும் வெங்காயத்தோடு தூக்கிக்கொண்டு நேரே முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றாள். மேட்டுக் கிணற்றைத் திறந்துவிடக் கேட்டாள்.

வைகுண்டராஜ் வயிறு குலுங்கச் சிரித்தார். "வெங்காயம் சொல்லுச்சுன்னு நான் மோட்டார் ரூமத் தெறக்கணுமாக்கும். ஒன் கோழி இன்னும் உசுரோடதான திரியுது?"

"திரியுது மொதலாளி. தையிலருந்து அந்தத் தண்ணியத்தான் குடிக்குது. ரெண்டு தடவ அடை ஒக்காந்துருச்சு. ஒரு குஞ்சு பொரிக்கல. கோழி செத்துச்சான்னு பாத்தீக. முட்டைய யாரும் பாக்கல."

"சேவல் சரியில்லாம இருக்கும்."

கதவோரம் நின்ற அவர் மனைவி வெளியே வந்தார். "சித்திரையில இவ குடுத்த முட்ட பதினஞ்ச நம்ம கோழிக்கு வச்சேன். அத்தனையும் கூமுட்ட. அதே சேவல்தான், நம்ம முட்டையெல்லாம் பொரிச்சுச்சே" என்றார். நாலு பிள்ளை பெற்றவர். புருசன் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து மலையம்மாள் கையில் கொடுத்தார்.

மலையம்மாள் டம்ளர்களை வாசலிலேயே வைத்துவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். பாதி வழியில் திரும்பி, "வீட்டுல பன்னெண்டு கோழி நிக்க, எங்கோழிதான் கெடைச்சுச்சா?" என்று கேட்டாள். முதலாளி வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து டாக்டரம்மாவுக்கும் மேட்டுத் தண்ணீர்தான். ஆடியில் மறுபடி அடை உட்கார்ந்தது. இருபத்தோராம் நாள் காலையில் முட்டைக்குள்ளிருந்து கொத்தும் சத்தம் கேட்டது. மலையம்மாள் கூடை பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பூமாரி மேடிட்ட வயிற்றோடு வந்து, என்னவென்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல ஆத்தா. போயி ஒரு செம்பு தண்ணி குடி" என்றாள் மலையம்மாள்.