பதினேழாம் தகவலாளர்

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெயரைச் சேர்க்கச் சொல்லித்தான் வருவார்கள். நெறியாளர் பெயருக்குப் பின்னால் இன்னொரு பட்டம், நன்றியுரையில் விட்டுப்போன மாமனார், அட்டையில் தங்க எழுத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தன் பெயர். பெயரை எடுக்கச் சொல்லி வந்த ஒரே ஆள் கந்தவேல்தான்.

நாமக்கல்லில் பரமத்தி சாலையில் இருபத்திரண்டு வருடமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஆய்வேடு தட்டச்சு செய்து, அச்செடுத்து, பைண்டிங் போட்டுக் கொடுப்பது தொழில். நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். அதற்கு மேல் படிக்க வீட்டில் விடவில்லை. அந்தக் கோபத்தை அடுத்தவர்களின் ஆய்வேடுகள் மேல் காட்டிக்கொண்டிருக்கிறேன். மேற்கோள் இருக்கும், நூல் பெயர் இருக்காது. நூல் பெயர் இருந்தால் பக்க எண் இருக்காது. அடிக்குறிப்பில், மேலே சொன்ன அதே நூல் என்பதற்கு, ‘மேலது’ என்று போட்டிருப்பார்கள். நடுவில் ஒரு பத்தியை இடம் மாற்றியதில் அந்த ‘மேலது’ சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருடைய நூலைக் காட்டிக்கொண்டு நிற்கும். “அதையெல்லாம் யாருக்கா பாக்கப் போறாங்க?” என்பார்கள். “நான் பாக்கறனல்ல” என்று திருப்பி அனுப்பிவிடுவேன். என் கையில் ஓர் ஆதாரம்கூடத் தவறியதில்லை என்று எனக்கு அப்போது நல்ல தலைக்கனம் இருந்தது.

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, கடையைத் திறந்து கணினிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். எழுபதை நெருங்கிய வயது. துவைத்த வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சப்பை. பையிலிருந்து பத்துப் பதினைந்து நகல் தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடைசித் தாளின் அடியில் என் கடை முத்திரை இருந்தது.

“அம்முணி, இது உங்க கடையில அடிச்சதுங்களா?”

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிரீத்தியின் முனைவர் பட்ட ஆய்வேடு. பரமத்தி வேலூர் வட்டாரத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் வழிவழியாக உள்ள தொழில் அறிவைப் பற்றியது. பட்டம் வாங்கிய பிறகு, தனக்குத் தகவல் சொன்ன ஒவ்வொருவருக்கும் அவரவர் பேட்டி இருக்கும் பக்கங்களை நகலெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்த பெண் அவள். அப்படிச் செய்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

அவர் தகவலாளர் பட்டியலில் விரலை வைத்தார். பதினேழாவது வரிசை. கந்தவேல், அறுபத்தேழு வயது, ஐந்தாம் வகுப்பு, வெற்றிலை விவசாயம், பரமத்தி வேலூர்.

“இந்தப் பேரை எடுத்துப்போடோணும்.”

“அது பைண்டிங் ஆகி யுனிவர்சிட்டி லைப்ரரிக்குப் போயிருச்சுங்கய்யா. இனி எடுக்க முடியாது. ஏனுங்க, தப்பா எழுதிட்டாங்களா?”

“எழுதுனது சரிதானுங்க. ஆளுதான் தப்பு.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அன்று முற்பகல் முழுக்க அவர் பேசியதையும், பிறகு வந்த நாட்களில் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கந்தவேலுக்கு அப்பன் விட்டுப்போனது காவிரி வாய்க்கால் பாசனத்தில் ஒரு கொடிக்கால். அவர் மனைவி முத்தாயம்மாள் ஆட்டையாம்பட்டிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். அதற்கு முன் வெற்றிலையைத் தாம்பூலத் தட்டில் பார்த்திருக்கிறாரே தவிர, அது அகத்தி மரத்தைப் பிடித்து ஏறும் கொடி என்பதுகூடத் தெரியாது. வந்த வருடமே இலை கிள்ளக் கற்றுக்கொண்டார். கிள்ளும்போதே ஒரு இலையை வாயில் போட்டு மெல்லுகிற பழக்கமும் ஒட்டிக்கொண்டது.

கொடிக்காலுக்கு மழைக்காலம்தான் கண்டம். அடித்தண்டு அழுகிக் கொடி வாடும். பாயும் தண்ணீரோடு நோயும் பாத்திக்குப் பாத்தி போகும். வாடியது கண்ணுக்குத் தெரிகிறபோது பாதிக் கொடிக்கால் போயிருக்கும். கல்யாணமான நாலாவது வருடம் இலை கிள்ளிக்கொண்டிருந்த முத்தாயம்மாள், “தெக்கால மூணாவது பாத்தியில இலை காரம் விட்டுப்போச்சுங்க” என்றார். கந்தவேல் சிரித்தார். அடுத்த வாரம் சரியாக அந்தப் பாத்திதான் தொங்கியது. மறு வருடமும் அப்படியே. மூன்றாம் வருடம் அவர் சிரிக்கவில்லை. மனைவி காட்டிய பாத்திக்குத் தண்ணீரை அடைத்து, கொடியைப் பிடுங்கிக் கொளுத்தினார். சுற்றியிருந்த கொடிக்கால்கள் எல்லாம் போக, அவருடையது மட்டும் நின்றது. விஞ்ஞானம் இதற்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது.

“எப்படிக் கண்டுபுடிச்சேன்னு பக்கத்துக் காட்டுக்காரங்க கேட்டாங்க அம்முணி. பாத்தாத் தெரியுதல்லன்னு சொல்லிப்போட்டேன். ஒருக்காச் சொல்லிட்டா அப்பறம் அதையே சொல்லோணுமல்ல.”

அவர் முப்பத்தைந்து வருடம் அதையே சொன்னார். ஊர் அவருக்குக் ‘கொடி டாக்டரு’ என்று பட்டம் கட்டியது. பாண்டமங்கலத்திலிருந்தும் ஜேடர்பாளையத்திலிருந்தும் மொபட்டில் இலை கொண்டுவருவார்கள். “கழுவிட்டு வாரேன்” என்று டாக்டர் இலையோடு உள்ளே போவார். அடுப்படியில் முத்தாயம்மாள் மென்று பார்த்து, “இருக்குது” என்றோ “விட்டுருச்சு” என்றோ ஒரு வார்த்தை சொல்லுவார். டாக்டர் வெளியே வந்து, எல்லாரும் பார்க்கத் தானும் ஒரு இலையை மென்று, கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொல்லுவார். இதைச் சொல்லும்போது அவரே லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அவங்க ஒண்ணுமே கேக்கலீங்களா?” என்றேன். கொஞ்சம் சூடாகத்தான் கேட்டேன்.

“கேக்கலீங்க. அதனால தப்பில்லைன்னு இருந்துட்டேன்.”

அவர் என் கடைக்கு வருவதற்கு முந்தைய வருடம் புரட்டாசியில் முத்தாயம்மாள் கொடிக்காலிலேயே மயங்கி விழுந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊர், டாக்டர் வீட்டுத் துக்கம் என்று வந்து போனது.

அடுத்த வருடம் ஐப்பசியில், பிரீத்தி கொடுத்த தாள்களில் ‘கொடி டாக்டரு’ என்று அவரைப் பற்றி வரும் ஒரு பக்கத்தை மட்டும் யாரோ படம் பிடித்து விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து ஜேடர்பாளையத்து வேலுமணி என்பவர் இலை கொண்டுவந்தார். கந்தவேல் பழக்கதோஷத்தில் “கழுவிட்டு வாரேன்” என்று உள்ளே போனார். அடுப்படியில் ஆளில்லை. தானே மென்றார். காரமாக இருந்தது. இன்னொன்றை மென்றார். அதுவும் காரம்தான். வெளியே வந்து, “ஒண்ணுமில்லை, தண்ணி பாய்ச்சு” என்றார். எட்டாம் நாள் வேலுமணியின் கொடிக்காலில் பாதி தரையில் கிடந்தது.

“சண்டைக்கு வந்திருந்தாப் பரவால்லீங்க. உங்களுக்கே தெரியலைன்னா இனி யாருக்குத் தெரியப்போகுதுன்னு சொல்லிட்டுப் போறான் அம்முணி. என்னால தாங்க முடியலை. அவ பேரு வரோணும். இல்லீன்னா எம்பேரும் இருக்கக் கூடாது.”

பிரீத்திக்குப் போன் போட்டேன். அவள் இப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். ஆய்வேட்டை நூலாக வெளியிட ஒரு பதிப்பகம் ஒப்புக்கொண்டிருந்தது. சனிக்கிழமை நேராகக் கடைக்கு வந்தாள். அவரும் அதே மஞ்சப்பையோடு வந்திருந்தார்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவள், “எனக்கு யாரு சொன்னாங்களோ அவங்க பேரைத்தானுங்கய்யா நான் போடோணும். அதுதான் முறை” என்றாள்.

“போட்டது சரி சாமி. எனக்கு யாரு சொன்னாங்கன்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?”

“கேட்டேனுங்கய்யா.”

அவள் மடிக்கணினியைத் திறந்து பழைய ஒலிப்பதிவைத் தேடி எடுத்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதம். காக்கை கத்துகிறது, தூரத்தில் ஒரு மோட்டார் ஓடுகிறது. வீட்டில் யார் யார் என்று பிரீத்தி கேட்கிறாள். “நானும் சம்சாரமும். அவ ஊட்ல சும்மாத்தான் இருக்கறா” என்கிறது கந்தவேலின் குரல். பிறகு அந்தக் கேள்வி. இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?

“யாருகிட்டக் கத்துக்கறது? எல்லாம் அனுபவந்தான். காரம் விட்டுச்சுன்னா மூணு நாள்ல கொடி தொங்கிரும்.”

ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம். கொஞ்சம் தள்ளியிருந்து ஒரு பெண் குரல். “மூணு நாளில்லீங்க. அஞ்சு நாளாகும். அதும் அடி இலையைத்தான் மெல்லோணும். கொழுந்துல தெரியாது.”

“நீ போயி டீய வையி புள்ள.”

அதற்குப் பிறகு அந்தக் குரல் இல்லை.

கந்தவேல் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். வேலுமணி கொண்டுவந்தது கொழுந்து இலை என்று பிற்பாடு சொன்னார்.

நான் ஆய்வேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். காரணம் உண்டு. அந்தப் பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்கியது நான். தகவலாளர் சொல்வதை மட்டும் எடுங்கள், குறுக்கே வருகிற பேச்சு வேண்டாம் என்று பிரீத்தி சொல்லியிருந்தாள். நானும் அப்படியே செய்திருந்தால்கூட ஒரு ஞாயம் இருந்திருக்கும். பின்னிணைப்பைப் புரட்டினேன். நூற்று எண்பத்து நாலாம் பக்கம். ‘அடி இலையை மென்றால் தெரியும். காரம் விட்ட ஐந்தாம் நாள் கொடி வாடும்’ என்று கந்தவேல் சொன்னதாக இருந்தது. அவர் சொன்னது மூன்று. ஐந்து என்று சொன்னது அந்த அம்மாள். திருத்தம் சரியாகப் படவே, குரலை வெட்டிவிட்டுச் செய்தியை மட்டும் எடுத்து அவர் வாயில் போட்டது நான். ‘மேலது’க்காகப் பிள்ளைகளை அலையவிட்ட நான்.

“இது நான் பண்ணுனதுங்கய்யா” என்றேன்.

பிரீத்தி ஆய்வேட்டின் முதல் பக்கங்களைத் திருப்பி நன்றியுரையைக் காட்டினாள். ‘தேநீர் தந்து உபசரித்த கந்தவேல் குடும்பத்தார்க்கு நன்றி’ என்று இருந்தது. “அந்த டீயைக் குடிச்சேன்க்கா. நல்லாருக்குன்னுகூடச் சொன்னேன். பேரு என்னன்னு கேக்கலை” என்று சொல்லி அழுதாள்.

வரப்போகும் நூலில் மாற்றிவிடலாம் என்று முடிவானது. கணவர் வழியாகத் தெரிந்த செய்தி என்று அடிக்குறிப்பு போட வேண்டுமோ என்று நான் கேட்டேன். “வேண்டாங்க்கா. அவங்க குரலே இருக்குது. அவங்களே நேரடித் தகவலாளர்” என்றாள் பிரீத்தி. “அப்ப லைப்ரரியில இருக்கறது?” என்றார் அவர். அது அப்படியேதான் இருக்கும் என்று நான்தான் சொன்னேன்.

பட்டியலில் புது வரிசை போட்டேன். பெயர், முத்தாயம்மாள். வயது கேட்டபோது கந்தவேல் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து மனைவியின் ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தார். கணக்குப் போட்டால், பதிவு செய்த அன்று அறுபத்தைந்து. “என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னவளா? எட்டுப் பத்து இருக்கும்னுல்ல நெனச்சிருந்தேன்” என்றார். கல்வி தெரியவில்லை. பெயர் எழுதுவாரா என்று கேட்டேன். பார்த்ததில்லை என்றார். அந்தக் கட்டத்தில் கோடு போட்டேன். தொழில் என்ற கட்டத்தில் பிரீத்தி யாரையும் கேட்காமல் ‘வெற்றிலை விவசாயம்’ என்று தானே அடித்தாள்.

கிளம்பும்போது அவர் தன் போனை நீட்டினார். “அந்தப் பேச்சை இதுல ஏத்திக் குடுக்க முடியுங்களா? அவ போட்டோ இருக்குது. குரலு ஊட்ல எதுலயும் இல்லை.”

நான் ஒலிப்பதிவைத் திறந்தேன். ‘மூணு நாளில்லீங்க’ என்பதில் தொடங்கி ‘கொழுந்துல தெரியாது’ என்பதில் முடித்து வெட்டினேன். ஒன்பது விநாடி. இனி தினமும் கேட்கப்போகிறவர், அடுத்து வருவதைக் கேட்டு நோக வேண்டாமே என்றுதான் அங்கே நிறுத்தினேன். ஏற்றிக் கொடுத்ததும் காதில் வைத்துக் கேட்டார். முடிந்ததும் போனை மறுபடி என்னிடம் நீட்டினார்.

“அதுக்கப்புறம் நான் ஒண்ணு சொல்லுவனல்ல, அதையும் சேத்துப் போடு அம்முணி.”

“அது வேண்டாமுங்கய்யா.”

“வேணுஞ்சாமி. அவ சொன்னது மட்டும் இருந்துதுன்னா, நான் கேட்டுக்கிட்டேன்னு ஆயிரும். நான் கேக்கலை.”

வெட்டிய இடத்தை மறுபடி ஒட்டினேன். பன்னிரண்டு விநாடி ஆனது. அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பரமத்தி வேலூர் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.