டிராக்டர் பெட்டியில் நாலு பூதங்கள்

எண்பதுகளின் பிற்பகுதி. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப்போட்டு மறியல் நடந்த காலம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் நான் பால்வாடி டீச்சராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி.

நாலு சுவருக்குள் உட்கார்ந்து மண், நீர், காற்று, நெருப்பு என்று கத்திக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு என்ன புரியும்? தொட்டுப் பார்க்க வேண்டாமா? பூதம் ஐந்தாச்சே என்று கேட்டவர்களிடம், ஆகாயத்தை எடுத்து எந்தக் கையில் கொடுப்பது என்று சொல்லிச் சமாளித்தேன். மறியல் ஓய்ந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்ட சமயமாகப் பார்த்து, கரும்பு ஏற்றும் டிராக்டர் ஒன்றைக் கெஞ்சி வாங்கி, கல்வராயன் மலையடிவார ஓடைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். ஊர்த்தெருப் பிள்ளைகளும், ஊருக்கு வெளியே தள்ளிவைத்திருந்த காலனிப் பிள்ளைகளும் ஒரே பெட்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பால்வாடிக்குள் அது சகஜம். ஊரே பார்க்க அப்படிச் சேர்ந்து போவது அதுதான் முதல்முறை. "பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து வுட்டுடுங்க டீச்சர்" என்று கரும்பு வெட்டப் போகும் ஒரு காலனித் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே பையன்.

அந்தப் பகலை நினைத்தால் இன்றும் மனசு குளிர்ந்துபோகிறது. ஓடைக்கரைக் களிமண்ணில் யானை செய்யப்போய் எலி செய்தார்கள். கல் முழுகுமா, இலை முழுகுமா என்று தண்ணீரில் போட்டுப் பார்த்துப் பந்தயம் கட்டினார்கள். பனையோலைக் காத்தாடியைத் தூக்கிக்கொண்டு மலைக்காற்றில் மூச்சிரைக்க ஓடினார்கள். கடைசியாக மூன்று கல் கூட்டி, சுள்ளி பொறுக்கிப் பொங்கல் வைத்தோம். நெருப்புக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டிருந்தேன்: பற்ற வைத்தவர்கள்தான் அணைக்க வேண்டும். சுள்ளி போட்ட பிள்ளைகள் எல்லாரும் ஈரமண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, புகை அடங்கும்வரை காவல் காத்தார்கள்.

திரும்பி வரும்போது பாதி வழியில் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அதன் முன்னால் டயர் எரிந்துகொண்டிருந்தது. கம்பும் அரிவாளுமாக ஆட்கள். இருபுறமும் கரும்பு; டிராக்டரைத் திருப்ப இடமில்லை. டிரைவர் அண்ணன் என்ஜினை நிறுத்திவிட்டார். போராட்டம் சில ஊர்களில் ஊருக்கும் காலனிக்கும் சண்டையாக மாறிக் காலனிக் குடிசைகள் எரிந்ததாகக் கேள்விப்பட்டிருந்தோம்.

"இன்னா டீச்சர், எங்க போய்க்கினு வரீங்க? எந்தத் தெரு புள்ளைங்க இதெல்லாம்?" என்று கேட்டார், கழுத்தில் துண்டு போட்டிருந்த ஒருவர்.

"பால்வாடி புள்ளைங்கண்ணா."

"அது தெரியுது. எந்தத் தெருன்னு கேக்குறேன்."

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அப்போது பெட்டியின் ஓரத்தில் நின்ற ஒரு வாண்டு, டயரைக் காட்டி, "அத யாரு பத்த வச்சது? பத்த வச்சவங்கதான் அணைக்கணும்" என்றாள்.

"இன்னாது?"

"டீச்சர் சொல்லிக்கீறாங்க. மண்ணு போடணும்."

நான் அவளைப் பின்னுக்கு இழுத்தேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். துண்டுக்காரர் குனிந்து, சாலையோரத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி டயரின் மேல் போட்டார். அவ்வளவுதான், என்னை எறக்கு, என்னை எறக்கு என்று பிள்ளைகள் குதித்தார்கள். "கிட்ட போவாதீங்க, தூர நின்னு போடுங்க" என்று அதட்டியபடியே மற்ற ஆட்களும் மண்ணை வாரிப் போட்டார்கள். நெருப்பு அணைந்தது.

"மரத்த இப்ப எடுக்க முடியாது டீச்சர். புள்ளைங்கள நாங்க தூக்கியாறோம்" என்றார் அவர். ஆளுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டி, எங்கள் ஊரைப் பார்த்து நடந்தார்கள். அந்தக் காலனித் தாயின் பையன் களைத்துப்போயிருந்தான். அவனைத் துண்டுக்காரரே தோளில் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் அவன் தூங்கினான். நான் அவனை மட்டுமே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

ஊர் எல்லையில் அந்தத் தாய் நின்றிருந்தாள். அரிவாள் வைத்த ஆட்களுக்கு நடுவே தன் பிள்ளையைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, எறக்கி வுட்டுடுங்க சாமி" என்று அழுதாள். எந்தத் தெரு என்று அவர் கேட்ட கேள்விக்கு அதுவே பதிலாகிவிட்டது. அவர் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தூங்கிக்கினு கீறான். மெதுவா வாங்கிக்கோம்மா" என்றார்.

தலையை ஒரு கையில் தாங்கி, அவன் விழித்துவிடாமல் அவள் தோளில் சாய்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டார்.

அந்த வருஷங்களில் நல்லதும் கெட்டதுமாக எவ்வளவோ பார்த்துவிட்டேன். ஆனாலும் ஜாதியைச் சொல்லி, இனி மனுஷர்கள் திருந்தவே மாட்டார்கள் என்று யாராவது அடித்துப் பேசும்போது, எந்தத் தெரு என்று தெரிந்த பிறகும் அந்தப் பிள்ளையின் தலையை விடாமல் தாங்கியிருந்த கை ஞாபகம் வருகிறது; அப்படிப் பேசுகிறவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு அது போதும்.