கணக்கு சார் உட்கார்ந்த மீன்கடை

விடிந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. சந்தையில் மீன் விற்கும் தேசம்மாவிடமிருந்து கைப்பேசி அழைப்பு. பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.

“சார், கணக்கு சார் பூட்டாரு சார்.”

“எப்படி?” என்றேன்.

“அவரு வூட்டு அம்மாதான் போன் பண்ணாங்க. எயுப்பப் போனா எய்ந்துக்கலியாம். தூக்கத்துலயே பூட்ச்சாம் உசுரு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இன்னிக்கு மீட்டிங்கு சார். பதினோரு மணிக்கு. நான் இன்னா சார் பண்றது?”

‘கணக்கு சார்’ என்கிற திரு. ஏகாம்பரம் அவர்களை அறியாதவர்களுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஒரு மனிதர் இறந்த காலையில் கூட்டத்தைப் பற்றி என்ன பேச்சு? ஆனால் முகத்துவாரக்குப்பத்தில் பூட்டிக் கிடக்கும் மருந்தகத்தைத் திறப்பதா வேண்டாமா என்று அன்றைய கூட்டத்தில்தான் முடிவெடுக்க இருந்தார்கள். தம்முடைய கடைசி ஆண்டுகளை அவர் அந்தப் பூட்டைத் திறக்க வைப்பதற்காகவே செலவிட்டார்.

அவர் அந்த மருந்தகத்தை நடத்திய வடசென்னைக் கடலோரத் தொழிலாளர் நல வாரியத்தில் கணக்கு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் திருவொற்றியூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவன். அடுத்தடுத்த தெருக்காரர்கள். மாலையில் கடலோரம் கொட்டிய பாறைகளை ஒட்டி இருவரும் நடப்போம். அவருக்கு நெற்றி நிறையத் திருநீறு, தோளில் ஒரு தண்ணீர்க் குடுவை. வாரியக் கூட்டங்களுக்கும் அந்தக் குடுவையோடுதான் போவார். அங்கே உடைத்து ஒரு வாய் குடித்துவிட்டு மேசையில் விட்டுப்போகும் தண்ணீர்ப் பாட்டில்களைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது.

அந்தக் கூட்டங்களைப் பற்றி அவர் சொல்லிக் கேட்க வேண்டும். உறுப்பினர்களுக்கு அமர்வுப்படி என்று ஒரு தொகை. பெரிய ஓட்டலிலிருந்து சாப்பாடு. இரண்டு தெரு தள்ளி வீடு இருப்பவருக்கும் வாடகைக் கார். போகும்போது ஆளுக்கொரு தோல்பை. “ஒரு மனுஷனுக்கு எத்தனை பை சார்? கையே ரெண்டுதானே இருக்கு?” என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: “வரிப்பணத்தை எடுத்துச் செலவு பண்றவங்க, அதைக் குடுத்தவங்க முகத்தைப் பார்த்ததே இல்ல சார்.”

அவர் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் துறையிலிருந்து சிக்கன ஆணை வந்தது. எல்லா வாரியங்களும் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டும். வாரியத் தலைவரின் கண்ணில் முதலில் பட்டது முகத்துவாரக்குப்பத்து மருந்தகம்தான். ஓர் அறை, ஒரு செவிலியர், மூச்சிழுப்பு வந்தவர்களுக்கு மருந்துப் புகை வைக்கும் ஒரு கருவி, அவ்வளவுதான். பக்கத்து ஆலைகளிலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் அந்தக் குப்பத்தில் இழுப்பு இல்லாத வீடு குறைவு. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துதான் போக வேண்டும்.

ஏகாம்பரம் அவர்கள் வேறொரு கணக்கைக் கூட்டத்தில் வைத்தார். அமர்வுப்படி, ஓட்டல் சாப்பாடு, கார், பை இவற்றை நிறுத்தினால் போதும், மருந்தகம் தாராளமாக நடக்கும்.

“என்ன ஏகாம்பரம், எங்க சாப்பாட்டுலயே கை வைக்கிறீங்களே!” என்று தலைவர் சிரித்தாராம்.

“மருந்துல கை வைக்கிறதுக்கு இது பரவாயில்லைங்க ஐயா” என்றாராம் இவர்.

தீர்மானம் நிறைவேறியது. தொழிலாளர் பக்கத்து உறுப்பினர்கள் இரண்டு பேர். மீன் விற்கும் பெண்களுக்காகத் தேசம்மா, ராயபுரத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்காகப் பாஷா பாய். அவர்கள்தான் முதலில் கை தூக்கினார்களாம். அன்று மாலை நடையில் அவர் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். அவ்வளவு மகிழ்ச்சியாக நான் அவரைப் பார்த்ததில்லை.

என் பள்ளி அனுபவத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருமுறை மதிய உணவுக்கு அரிசி வரத் தாமதமாயிற்று. இருப்பதை வைத்துச் சமாளிக்க, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி குறைத்துப் போடச் சொன்னார்கள். யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை, எல்லாருக்கும் ஒரே அளவு. காலையில் வீட்டில் இட்லி தின்றுவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த ஒரு கரண்டி தெரியவில்லை. ஒன்றும் தின்னாமல் வந்த பிள்ளை பிற்பகல் வகுப்பில் பெஞ்சின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டது.

வாரியத்திலும் அப்படித்தான் நடந்தது. அதிகாரிகளுக்கும் சம்பளக்காரர்களுக்கும் அமர்வுப்படி என்பது மேல்வரும்படி. தேசம்மாவுக்கு அது ஒரு நாள் பிழைப்பு. மீன் விற்பதே காலையில்தான். அன்றைக்கு ரயில் பிடித்துப் பட்டணத்துக்குப் போய்ப் பெஞ்சில் காத்திருந்து திரும்பினால் அன்று அடுப்பில் உலை இல்லை. அந்தப் படி இருந்ததால்தான் அவர்களால் வர முடிந்தது. அது நின்றதும் பாஷா பாய் வருவது நின்றது. பிறகு தேசம்மாவும் நின்றார். காலப்போக்கில் கார்கள் ‘ஆய்வுப் பயணம்’ என்ற வேறு தலைப்பில் திரும்பி வந்தன. ஏகாம்பரம் அவர்கள் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தில், எதிர்த்துப் பேச ஆளில்லாத ஒரு முற்பகலில், மருந்தகத்தை மூடும் தீர்மானம் தேநீர் வருவதற்குள் முடிந்துபோயிற்று.

இது தெரிந்த மறுநாள் அவர் என்னையும் அழைத்துக்கொண்டு முகத்துவாரக்குப்பம் போனார். மருந்தகக் கதவில் பூட்டு. எதிரே தம் வீட்டு வாசலில் தேசம்மாவின் கணவர் முழங்கால்களில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். பேச மூச்சு போதவில்லை.

அப்போதுதான் சந்தையிலிருந்து வந்த தேசம்மா தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, “வா சார், வா. பூட்டைப் பாக்க வந்தியா? நல்லாப் பாத்துக்கோ. புதுப் பூட்டு. அதுக்கு மட்டும் துட்டு இருந்துக்கீது” என்றார்.

“நான் போட்ட கணக்கும்மா இது. என் தப்பு” என்றார் ஏகாம்பரம்.

“உன்ன இன்னாத்துக்குச் சொல்லணும்? நானும்தான் கை தூக்கினேன். துட்டு இல்லாம ஒரு மீட்டிங்கு வந்தேன், ரெண்டு மீட்டிங்கு வந்தேன். அப்பால கடைய எவன் பாக்கறது சார்?”

“அந்த ஒரு நாளைக்கு ஆகிறதை நான் குடுத்துடறேன். நீங்க கூட்டத்துக்குப் போங்க.”

“உன் பென்சன் துட்டு எனக்கு எதுக்கு? கடைய மூடினா வாடிக்கக்காரங்க பக்கத்துக் கடைக்குப் பூடுவாங்க. அவங்கள உன் பென்சன் திரும்ப இட்டுக்கினு வருமா?”

அவர் திரும்பிப் பூட்டைப் பார்த்தார். பிறகு, “அப்ப நான் கடையில உட்கார்றேன்” என்றார்.

தேசம்மா சிரித்த சிரிப்பில் அவருடைய கணவரும் சிரிக்கப் போய் இருமிவிட்டார். “நெத்தில பட்டைய போட்டுக்கினு நீ மீன் விக்கப் போறியா சார்? வவ்வாலுக்கும் வஞ்சிரத்துக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?”

தெரியாதுதான். பிறந்ததிலிருந்து சைவம். ஆனால் அடுத்த கூட்டத்தன்று காலை அவர் திருவொற்றியூர்ச் சந்தையில் தேசம்மாவின் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் அப்படித்தான். நான் பார்க்கப் போவேன். சந்தையே வேடிக்கை பார்க்கும்.

“இன்னா நைனா, சங்கரா எவ்ளோ?”

இவர் சொல்வார்.

“அநியாயமாக்கீதே! கொறைச்சிக் குடு.”

“கடைக்காரம்மா சொன்ன விலை. குறைக்க எனக்கு அதிகாரம் இல்லைம்மா.”

“பாருடி, மீனுக்கும் கவருமெண்டு ஜி.ஓ. போட்டுக்கீறாரு!” என்று பக்கத்துக் கடைப் பெண் கத்துவார். மீனை வெட்டித் தருவது அந்தப் பெண்தான். ஏகாம்பரம் அவர்கள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகே சாப்பிடுவார். “நாத்தம் பழகிடுச்சு சார். அந்தப் பூட்டுதான் பழகல” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அப்படித் தேசம்மா போய்ப் பேசிப் பேசித்தான் இரண்டு விஷயங்கள் கூட்டத்தின் பொருள் நிரலில் ஏறின. மாதச் சம்பளம் இல்லாத உறுப்பினர்களுக்கு மட்டுமாவது படியைத் திரும்பக் கொடுப்பது ஒன்று. மருந்தகத்தைத் திறப்பது மற்றொன்று. சிக்கனத்தை அவர் கடைசிவரை விடவில்லை. “வெட்ட வேண்டியதுதான் சார். ஆனா வெட்டறதுக்கு முன்னாடி அது யாருடைய கைன்னு பார்க்கணும்” என்பார். ‘அடுத்த கூட்டத்தில்’, ‘அதற்கடுத்த கூட்டத்தில்’ என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் குறித்த நாள், அவர் இறந்த நாளாக அமைந்துவிட்டது.

நான் அவர் வீட்டுக்குப் போனபோது தேசம்மா அங்கே அழுதுகொண்டிருந்தார். அவர் கூட்டத்துக்குப் போகப் போவதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஏகாம்பரம் அவர்களின் துணைவியார் சிவகாமி அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நீ கெளம்பும்மா. சாயங்காலம்தான் எடுக்கறோம். அதுவரைக்கும் அவர் எங்க போயிடப் போறார்?”

“கடைல யாரும்மா...” என்று தேசம்மா இழுத்தார். பலகையில் அன்றைய மீன் ஏற்கெனவே பரப்பியிருந்தது.

“நான் இருக்கிறேன், போங்கள்” என்றேன்.

என் நண்பரின் உடல் வீட்டில் கிடக்க, நான் சந்தையில் மீன் விற்றேன். வாழ்நாளில் இவ்வளவு கனமான காலைப்பொழுதை நான் கண்டதில்லை. எனக்கும் விலை பேசத் தெரியவில்லை. ஆனால் அன்று யாரும் பேரம் பேசவில்லை. “கணக்கு சாரு வர்லியா?” என்று கேட்டவர்களிடம் பக்கத்துக் கடைப் பெண் மெதுவாக ஏதோ சொன்னார். அவர்கள் நான் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பலகைக்கு மேல் ஆணியில் அவருடைய தண்ணீர்க் குடுவை தொங்கிக்கொண்டிருந்தது. சென்ற கூட்டத்தன்று மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

மாலையில் பாடை கட்டி முடியும் நேரத்தில் தேசம்மா வந்து சேர்ந்தார். எல்லாரையும் விலக்கிக்கொண்டு அவருடைய தலைமாட்டில் போய் நின்றார். எங்களிடம் அல்ல, அவரிடம்தான் சொன்னார்.

“போனேன் சார். போன ஒடனே தலைவரு, நீ தவறிட்டன்னு சொல்லி எல்லாரயும் எந்திரிச்சி நிக்கச் சொன்னாரு. நின்னாங்க. சிக்கனத்துக்கு நீதான் வழி காட்னியாம், நல்லா பேசினாங்க. அப்பால, உனுக்கு மரியாதன்னு சொல்லிக் கூட்டத்தையே தள்ளி வெச்சிட்டாங்க சார். ‘மருந்தகத்தத் தொறங்க, அதான் அவருக்கு மரியாத’ன்னேன். அதுக்குள்ள எல்லாம் பைய எடுத்துக்கினு கெளம்பிட்டாங்க. காருங்க வரிசையா நின்னுகினு இருந்துச்சி.”

தேசம்மா கால்மாட்டுக்கு வந்து, அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அடுத்த மீட்டிங்குக்கும் போவேன் சார்” என்றார்.

காரியங்கள் முடிந்தபின் குடுவையைச் சிவகாமி அம்மையாரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கழுவித் தண்ணீர் நிரப்பி என்னிடமே திருப்பித் தந்தார். “கடையில உட்கார்றவங்களுக்கு வேணுமே” என்றார். அது மீண்டும் அந்த ஆணியில் தொங்குகிறது. கூட்டத்துக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. முகத்துவாரக்குப்பத்தில் பூட்டு துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. கடற்காற்று அல்லவா.

போய் வாருங்கள், ஏகாம்பரம் அவர்களே. வவ்வாலுக்கும் வஞ்சிரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இப்போது நான் கற்றுக்கொண்டு வருகிறேன்.